கடுகுத் தலைப் பையன்

“அம்மணி, என்ர கை எதுக்கு நடுங்குது?”

சென்னியப்பன் உட்காரக்கூட இல்லை. செருப்பைக் கழற்றின கையோடு, வாசற்படியில் நின்றபடியே கேட்டார்.

ஜெசிந்தா நிமிரவில்லை. மேசையில் ஒரு கல்யாணப் பத்திரிகை கிடந்தது. இரும்பு ஸ்கேலை அதன்மேல் அழுத்திப் பிடித்து, மணமகன் பெயருக்கும் மணமகள் பெயருக்கும் நடுவில் கத்தியால் கீறிக்கொண்டிருந்தாள்.

“பிரிச்சுட்டீங்களே,” என்றார் சென்னியப்பன்.

“சுவருக்கு இதான் நல்ல அட்டை. ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குள்ளதான் இருப்பாங்க.”

கத்தியை அவரிடம் நீட்டினாள்.

“பிடிங்கண்ணா.”

பிடித்தார். கத்தி முனை துடித்தது.

“நல்லாத்தான் நடுங்குது,” என்றாள். கத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த பத்திரிகையை எடுத்தாள்.

முதல் நாள் பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான்.

*

சென்னியப்பன் ரயில் ஓட்டுகிறவர். ஈரோட்டுக்காரர். மீசை நரைத்தவர்.

ஜெசிந்தாவுக்கு அவரில் பாதி வயசு. கட்டப்போகிற வீட்டை அட்டையில் சின்னதாகச் செய்து இன்ஜினியர்களுக்குக் கொடுப்பது அவள் தொழில். மீதி நேரத்துக்கு அவளிடம் ஒரு ரயில் பாதை இருந்தது.

பாதி அறையை அடைக்கிற பலகை. அதன்மேல் வளைந்து வளைந்து ஓடும் தண்டவாளம். ரயிலும் தண்டவாளமும்தான் கடையில் வாங்கியவை. மற்றதெல்லாம் கையால் செய்தது. தீக்குச்சி விட்டம். ஐஸ் குச்சிக் கதவு. பிஸ்கட் பெட்டிக்குள் இருக்கிற நெளிக்காகிதம்தான் கூரை ஓடு. குடித்து முடித்துக் காயவைத்த டீத்தூள்தான் மண்.

ரயில் ஓட்டுகிறவர்கள் லீவு நாளில் அதைப் பார்க்கப் போவார்கள். வாரம் முழுக்க ரயில் ஓட்டிவிட்டு லீவில் போய் ரயில் பார்ப்பார்கள். என்ன ஜென்மமோ.

அவர்களில் ஒருத்தர்தான் சென்னியப்பனை அங்கே அனுப்பினார்.

“அந்தப் புள்ள அதிகமாப் பேசாதுப்பா. ஏதாவது செய்யச் சொல்லும். செய். உன்ர மண்டைல எங்க கோளாறுன்னு அதுல தெரிஞ்சு போயிரும்.”

*

இரண்டாம் தடவை போனபோது ஜெசிந்தாவே கேட்டாள்.

“என்னாச்சு?”

“ஒண்ணும் ஆகலீங்க அம்மணி. அதான் வம்பு.”

“சொல்லுங்க.”

“வேலாங்காடுன்னு ஒரு சின்ன ஸ்டேஷன். என்ர வண்டி அங்க நிக்காது. வளைவு திரும்பினா, தண்டவாளத்துக்கு நடுவுல ஒரு பையன். மேல பாத்துட்டு நிக்கறான். பட்டம். ஹாரன் அடிச்சேன். திரும்பல. பிரேக் போட்டேன். ரயில் என்ன சைக்கிளா, போட்டதும் நிக்க?”

“அப்புறம்?”

“தப்பிச்சுட்டான்.”

“நீங்க பாத்தீங்களா?”

சென்னியப்பன் பலகையைப் பார்த்தார். அதில் ஒரு பொம்மை மாடு டீத்தூளில் மேய்ந்துகொண்டிருந்தது.

“கூட வந்த அசிஸ்டென்ட் டிரைவர் எட்டிப் பாத்துச் சொன்னான்ங்க. தப்பிச்சான்னு.”

யாராவது செத்திருந்தால் விசாரணை வந்திருக்கும். நாலு பேர் வந்து தோளைத் தட்டியிருப்பார்கள். யாரும் சாகவில்லை. அதனால் யாரும் வரவில்லை. “அதான் ஒண்ணும் ஆகலையே” என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். பெண்டாட்டியும் சொல்லிவிட்டாள். டாக்டர்கூட எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் சென்னியப்பனுக்கு ஒவ்வொரு வளைவிலும் ஒரு பையன் நின்றான். வேப்ப மரம் பையனாகத் தெரிந்தது. கிலோமீட்டர் கல் பையனாகத் தெரிந்தது. வளைவுக்கு வளைவு வண்டியை மெதுவாக்கினார். ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

“உங்க வண்டி போன ஊர்ல எல்லாம் தொட்டில் குழந்தைக தூங்கறதில்லீங்ணா,” என்று கூட வேலை பார்க்கிற சின்னப் பையன்கள் கிண்டல் அடித்தார்கள். ஹாரன் சென்னியப்பன் என்றே பேர் விழுந்துவிட்டது.

வண்டிகள் தாமதமாயின. அவரை லீவில் போகச் சொன்னார்கள்.

“திங்கக்கிழம எங்க ரயில்வே இன்ஸ்பெக்டர் போன் பண்ணுவாருங்க. வண்டியா, ஆபீஸ்ல மேசை வேலையான்னு சொல்லோணும். மேசைன்னு சொல்லிட்டா பொறகு இந்த ஜென்மத்துல வண்டி கெடையாது.”

“நீங்க என்ன சொல்லப் போறீங்க?”

“வண்டின்னா பயமா இருக்குது. மேசைன்னா அதவிடப் பயமா இருக்குது. நீங்க சொல்லுங்க அம்மணி. இந்தப் பயம் எப்படிப் போகும்?”

“எனக்கு அந்த ஸ்டேஷன் வேணும்,” என்றாள் ஜெசிந்தா.

“எது?”

“வேலாங்காடு. அதோ அந்த வளைவு காலியா இருக்கு. அங்க செஞ்சு வைங்க.”

“நானா?”

“நடுங்கற கை உங்களுதுதானே?”

ஒரு டேப்பை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டாள்.

“போய் அளந்துட்டு வாங்க. சுவரு, சன்னல், பெஞ்சு, பிளாட்பாரம். எல்லாம்.”

*

போனார்.

பாசஞ்சர் வண்டியில், டிக்கெட் எடுத்து, சன்னலோரம் உட்காராமல் போனார்.

வேலாங்காட்டில் இறங்கியது அவர் மட்டும். ஓட்டுக்கூரை போட்ட ஒற்றை அறை. டிக்கெட் கொடுக்கிற சின்ன சன்னல். சிமென்ட் பெஞ்சு. மஞ்சள் பெயர்ப் பலகை. ஒரு வேப்ப மரம்.

மரத்தில் ஒரு பட்டத்தின் வால் மாட்டியிருந்தது. நீல நிறம்.

அதைப் பார்க்காத மாதிரி சுவரை அளக்க ஆரம்பித்தார்.

புல்லுக்கட்டோடு போன ஒரு பொம்பளை நின்றாள்.

“ஏனுங்க, இடிக்கப் போறீங்களா?”

“இல்லீங்க. கட்டப் போறேன்.”

“இங்கயா?”

“மேசை மேல.”

அந்தம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கட்டைச் சரிசெய்துகொண்டு வேகமாகப் போய்விட்டாள்.

அவளிடம் கேட்டிருக்கலாம். இங்கே பட்டம் விடுகிற பையன் ஒருத்தன் இருக்கிறானா, நல்லா இருக்கிறானா என்று. ஒரே கேள்விதான். வாய் வரவில்லை.

சன்னலை அளந்தார். பெஞ்சை அளந்தார். பிளாட்பாரத்தின் நீளத்தை அளந்தார். கடைசியாக ஓரத்துக்குப் போக வேண்டும். பிளாட்பார விளிம்புக்கும் தண்டவாளத்துக்கும் எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும்.

அப்போது வளைவுக்கு அந்தப் பக்கம் ஹாரன் கேட்டது.

சென்னியப்பன் பின்னால் ஓடினார். டிக்கெட் அறைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். எக்ஸ்பிரஸ் போனது. தரை குலுங்கியது. வேப்பிலை உதிர்ந்தது. டேப் கையில் சுருண்டு கிடந்தது.

தினமும் அந்த எக்ஸ்பிரஸுக்குள் உட்கார்ந்து போனவர் அவர். வெளியே நின்று பார்த்தது இப்போதுதான்.

வண்டி போன பிறகும் அவர் ஓரத்துக்குப் போகவில்லை.

*

ஜெசிந்தா எல்லா அளவையும் சின்னதாக்கிக் கொடுத்தாள். அவர் வெட்டினார்.

“கோணல்,” என்றாள்.

வேறு பத்திரிகை.

“கோணல்.”

வேறு பத்திரிகை. பல நல்ல குடும்பத்துக் கல்யாணம் குப்பைக் கூடைக்குப் போனது.

“கை நிக்க மாட்டேங்குது அம்மணி. மொதல்ல கை நிக்கட்டும். பொறகு வெட்டறேன்.”

“கை நிக்கட்டும்னு அட்டை காத்திருக்காது, மழைல நமுத்துப் போயிரும். ஒரே அழுத்துல அறுக்கப் பாக்கறீங்க. அதான் கத்தி விலகி ஓடுது. லேசா இழுங்க. அதே கோட்டுல மறுபடியும். மறுபடியும்.”

லேசாக இழுத்தார். மறுபடியும். மறுபடியும். சுவர் பிரிந்து வந்தது. நேராக இருந்தது.

கையைப் பார்த்தார். அது பாட்டுக்கு நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

அவருக்கு அது பிடிக்கவில்லை. சுவர் நேராகிவிட்டதில் சந்தோஷப்பட வேண்டிய ஆள், கை நிற்கவில்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

கூரை ஏறியது. சன்னல் வந்தது. பெயர்ப் பலகையை மஞ்சள் நிறத்தில் எழுதினார். பெஞ்சைச் செய்தார். பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைக் கிள்ளிக் கிள்ளி வேப்ப மரம் செய்தார். பட்டத்தின் வாலை மட்டும் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் பலகையில் ஏறியது.

ஜெசிந்தா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். ஒரு இடத்தில் நின்றாள். பிளாட்பாரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் அவள் சுண்டுவிரல் தாராளமாகப் போனது.

“இது அளந்ததா, நெனச்சதா?”

“நெனச்சதுங்க.”

“எதுக்கு இவ்வளவு தள்ளி?”

“ரயில் யார் மேலயும் படக்கூடாதுல்லீங்க.”

ஒரு பயணிகள் வண்டியைக் கொண்டுவந்து பிளாட்பாரத்தில் நிறுத்தினாள். டப்பாவிலிருந்து ஒரு பொம்மை மனுஷனை எடுத்தாள். விரல் நகம் உயரம். அவனைப் பிளாட்பாரத்தில் நடத்திக்கொண்டு போனாள். ரயில் ஏறப் போகிற ஆள் மாதிரியே. கதவுக்கு நேராக வந்தான். ஒரு கால் எடுத்து வைத்தான்.

சந்துக்குள் விழுந்தான்.

சென்னியப்பன் “ஐயோ” என்றார். சத்தமாகவே.

“ரயில் அவன் மேல படலயே,” என்றாள் ஜெசிந்தா.

பொம்மை சக்கரத்துக்கு அடியில் தலைகீழாகக் கிடந்தது. சென்னியப்பன் ரொம்ப நேரம் அதையே பார்த்தார். அப்புறம் யாரும் சொல்லாமலே பிளாட்பாரத்தைப் பிய்த்தார்.

ஜெசிந்தா ஒரு அட்டைத் துண்டைக் கொடுத்தாள். ரயிலை நடுவில் குறுக்காக அறுத்தால் எப்படி இருக்குமோ அந்த வடிவம். அதைத் தண்டவாளத்தின் மேல் வைத்துத் தள்ள வேண்டும். உரசினால் பிளாட்பாரம் ரொம்பக் கிட்டே. உரசாமல், ஆனால் ஒட்டினாப்போலப் போனால் சரி.

“எவ்வளவு எடம் விடோணும்?”

“பயப்படற அளவுக்கு,” என்றாள். “அதுக்கு மேல வேண்டாம்.”

அட்டையைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, பசை தடவி ஒட்டினார். கடைசியில் நடுவே ஒரு காகிதம் நுழைகிற சந்துதான் இருந்தது.

“நாளைக்கு வரும்போது ஒரு ஆள் செஞ்சு எடுத்துட்டு வாங்க,” என்றாள்.

*

திங்கட்கிழமை காலையிலேயே வந்துவிட்டார். தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து ஆளைக் கொண்டுவந்தார்.

செப்புக் கம்பி உடம்பு. பசையில் நனைத்த காகிதம் சட்டை. தலைக்கு ஒரு கடுகு.

ஜெசிந்தா உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

“வேட்டி கட்டியிருக்கான்.”

“ஆமாங்க.”

“மீசை வேற.”

“ஆமாங்க.”

“இவனா நின்னான் அங்க?”

சென்னியப்பன் சட்டையின் மேல்பையில் கைவிட்டு இன்னொரு தீப்பெட்டியை எடுத்தார்.

அதில் சின்னவன் இருந்தான். முன்னவனில் முக்கால்வாசி உயரம். நீல டவுசர். கடுகுத் தலை பின்னால் சாய்ந்திருந்தது. மேலே பார்க்கிற மாதிரி.

“செஞ்சிட்டுத்தான் வந்திருக்கீங்க,” என்றாள்.

“வெளிய எடுக்க வேண்டாம்னு நெனச்சேன்ங்க.”

ஜெசிந்தா அவனை வாங்கினாள்; தண்டவாளத்தில் வைக்காமல் பிளாட்பாரத்தின் விளிம்பில் நிறுத்தினாள். ஒட்டவில்லை. சும்மா நிறுத்தினாள். கால்விரல் விளிம்பில் இருந்தது.

“பசை வைங்க அம்மணி.”

“வேண்டாம்.”

“விழுந்துருவான்.”

“தெரியாது.”

ரயிலை ஓட்டுகிற திருகு குமிழை அவர் கையில் கொடுத்தாள்.

“எக்ஸ்பிரஸ். நிக்காத வண்டி. ஓட்டுங்க. கண்ண மட்டும் தண்டவாள மட்டத்துக்கு இறக்கி வைங்க.”

குனிந்தார். தாடை பலகையில் பட்டது.

மேலேயிருந்து பார்த்தால் அது விளையாட்டுச் சாமான். கண்ணைக் கீழே இறக்கினால் அப்படி இல்லை. பிளாட்பாரம் நீண்டு போனது. வேப்ப மரம் தலைக்கு மேலே நின்றது. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியவில்லை.

அது வேலாங்காடுதான்.

குமிழைத் திருப்பினார்.

முதலில் சத்தம் வந்தது. அப்புறம் வளைவில் இன்ஜின் முகம் வந்தது. பெரிதாகிக்கொண்டே வந்தது. பையன் மேலே பார்த்துக்கொண்டு நின்றான்.

சென்னியப்பன் வாயிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. நீளமாக. ஹாரன் சத்தம். அவர் அடிப்பது அவருக்கே தெரியவில்லை.

ஜெசிந்தா சிரிக்கவில்லை.

பையன் திரும்பவில்லை. எப்படித் திரும்புவான்.

கடகடவென்று வண்டி போனது. குமிழைத் தடவி அணைத்தார். சத்தம் தேய்ந்தது.

சென்னியப்பன் கண்ணைத் திறந்தார்.

பிளாட்பாரம் காலியாக இருந்தது.

“எங்கீங்க பையன்?”

ஜெசிந்தாவின் கை மூடியிருந்தது.

“இங்க.”

“விழுந்துட்டானா?”

“நீங்கதானே ஓட்டினீங்க.”

“அம்மணி, வெளையாடாதீங்க. நின்னானா, விழுந்தானா?”

“தப்பிச்சான்னு சொன்னா நம்புவீங்களா?”

அவர் அவளுடைய மூடிய கையையே பார்த்தார்.

“அசிஸ்டென்ட் சொன்னாரே,” என்றாள். “நம்புனீங்களா?”

சென்னியப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மேசைக்கு அடியில் பத்திரிகைத் துண்டுகள் கிடந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அன்னைக்கும் கண்ண மூடிட்டேன்.”

“ம்.”

“ஓட்டறவன் நான். வண்டி என்ர கையில. கடைசி நேரத்துல கண்ண மூடிட்டேன் அம்மணி. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அவன் செத்தானா பொழச்சானான்னு இந்தக் கண்ணுக்குத் தெரியாது. அதான் வளைவுக்கு வளைவு வந்து நிக்கறான்.”

ஜெசிந்தா மூடின கையைப் பிளாட்பாரத்துக்குக் கொண்டுபோய்த் திறந்தாள். பையனை அதே விளிம்பில் நிறுத்தினாள். அவன் மேலே பார்த்தான்.

“மறுபடியும் ஓட்டுங்க.”

“முடியாதுங்க.”

“சரி,” என்றாள். கத்தியை எடுத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

சென்னியப்பன் எழுந்தார். வாசலுக்குப் போனார். செருப்பில் கால் நுழைத்தார். படியிறங்கினார்.

திரும்பிப் பார்த்தார். இங்கிருந்து பார்த்தால் பையன் தெரியவில்லை. கடுகு அளவுத் தலை எங்கே தெரியும்? ஆனால் அவன் அங்கே நிற்கிறான் என்று தெரியும்.

செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

குனிந்தார். தாடையைப் பலகையில் வைத்தார். நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை. துடைத்தால் அந்தச் சாக்கில் கண்ணை மூடிவிடுவோம் என்று பயம்.

திருகினார்.

சத்தம். வளைவு. இன்ஜின் முகம்.

வாய் ஹாரன் அடிக்கப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

கண் எரிந்தது. இமை கீழே இழுத்தது. இழுக்கட்டும் என்று விட்டார். மூட மட்டும் விடவில்லை.

இன்ஜின் பிளாட்பாரத்துக்குள் நுழைந்தது. பெட்டிகள். சன்னல், சன்னல், சன்னல். பையனின் மூக்குக்கு முன்னால் ஒரு காகித அகலத்தில் அத்தனையும் போயின. பலகை அதிர்ந்தது. நார் மரம் உதறியது. பையன் காலிலிருந்து கடுகு வரைக்கும் ஆடினான்.

கடைசிப் பெட்டியும் போனது.

சென்னியப்பன் அசையாமல் கிடந்தார்.

“பாத்தீங்களா?” முதுகுக்குப் பின்னால் ஜெசிந்தாவின் குரல்.

“பாத்தேன்.”

“நின்னானா?”

“நின்னான்.”

“எப்படி நின்னான்?”

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் போன் அடித்தது.

இன்ஸ்பெக்டர்.

போனை எடுத்துக் காதில் வைத்தார். அது காதில் டக்டக்கென்று தட்டியது. அவ்வளவு நடுக்கம்.

“என்ன சென்னியப்பன், முடிவு பண்ணிட்டீங்களா? கை எப்படி இருக்கு?”

“இன்னும் நடுங்குதுங்க சார்.”

“அப்ப மேசைன்னு எழுதிக்கட்டுமா?”

வண்டி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் வளைவுக்கு வந்துகொண்டிருந்தது. அவர் அதை நிறுத்தவே மறந்துவிட்டார். பலகை அதிர ஆரம்பித்தது. கடுகுத் தலை ஆடியது. கால் வைத்த இடத்திலேயே இருந்தது.

சென்னியப்பன் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“வண்டிங்க.”